ஆள் இல்லை என்ற பிறகும் கதவைத் தட்டுகிறவர்களுக்கு

விளம்பர மின்னஞ்சல் அனுப்பும் நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுத் தலைவர்களுக்கும், அவர்கள் சார்பில் லட்சக்கணக்கில் மெயில் அனுப்பிக் கொடுக்கும் ஏஜென்சிகளுக்கும்,

மதுரை விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு சுங்குடிச் சேலை மொத்தக் கடை இருக்கிறது. அந்தக் கடையின் கம்ப்யூட்டர், பில் மெஷின், மெயில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது என் வேலை. அதோடு இன்னும் ஆறு சிறு வியாபாரிகளின் மெயிலையும் சேர்த்து ஒரு வாடகை சர்வரில் வைத்து நடத்துகிறேன். போன தீபாவளிக்குப் பதினெட்டு நாள் முன்னால் காரைக்குடி ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் சேலைக் கடைக்கு ஆர்டர் அனுப்பினார். 140 சேலை. எந்த நிறம், எந்தக் கரை, எத்தனை என்று பட்டியல் போட்ட மெயில். அது அவருக்கே திரும்பிப் போய்விட்டது. பெட்டி நிரம்பிவிட்டது, வாங்க இடமில்லை என்று எங்கள் சர்வர் சொல்லியிருக்கிறது.

அப்படித் திரும்பி வரும் தகவல் 'மெயிலர் டீமன்' என்ற பெயரில், முழுக்க இங்கிலீஷில் வரும். அவர் அதை ஏதோ குப்பை என்று நினைத்து ஒதுக்கிவிட்டார். சரக்கு வரும் என்று அவர் காத்திருந்தார். இந்த வருடம் ஏன் இன்னும் ஆர்டர் வரவில்லை என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். ஒன்பது நாள் கழித்து அவர் போன் போட்டு, "என்னண்ணே, சரக்கு கிளம்பிருச்சா?" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. கையால் முடிச்சுப் போட்டு, சாயம் ஏற்றி, காயவைத்து, முடிச்சு அவிழ்த்துக் கொடுக்கிற சேலை இது. மீதி இருந்த நாளில் 140 முடியாது. இருப்பில் இருந்த 60 சேலையைக் கொடுத்தோம். மிச்சத்தை அவர் வேறு இடத்தில் எடுத்துக்கொண்டார். இருபது வருட வாடிக்கை அது.

பெட்டி நிரம்புவதை நான் முன்கூட்டியே கவனித்திருக்க வேண்டும். அந்தத் தப்பை முதலாளியிடம் ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்தப் பெட்டியை நிரப்பியது நீங்கள். அதனால்தான் இந்த மடல்.

எப்படி நிரப்பினீர்கள் என்று சொல்கிறேன். நம் ஊர்ப் பெயர்களை இங்கிலீஷில் எழுத ஒரே வழி கிடையாது. செந்தில் என்ற பெயரில் 'டி'க்குப் பக்கத்தில் ஒருவர் 'எச்' போடுவார், இன்னொருவர் போடமாட்டார். சண்முகத்தில் முதல் எழுத்திலேயே ஆளுக்கொரு விதம். லட்சுமி என்றால் கேட்கவே வேண்டாம். கடைக்கு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் பையில் அச்சடித்த முகவரியைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறவர்கள். மீதிப் பேர் போனில் கேட்டுக் காதில் விழுந்தபடி எழுதுகிறவர்கள். டொமைன், அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் கடையின் சொந்தப் பெயர், வாங்கிய அன்றே முதலாளி என்னிடம் ஒன்று சொன்னார்: "தம்பி, பேரைத் தப்பா எழுதினாலும் அது நம்ம கடைக்கு வந்த லெட்டர்தானே. திருப்பி அனுப்பிடாத." அதற்கு ஒரு வசதி உண்டு. கேட்ச்-ஆல் என்பார்கள். கடையின் டொமைனுக்கு எந்தப் பெயரில் மெயில் வந்தாலும் ஒரு பொதுப்பெட்டியில் சேர்த்துவிடும். பத்து வருடத்துக்கு மேல் அது நன்றாகவே நடந்தது. சின்னாளப்பட்டியிலிருந்து துணி அனுப்பும் ஒரு பெரியவர் முதலாளி பெயரில் எப்போதும் ஒரு எழுத்தை விட்டுவிடுவார். அவர் மெயில் ஒன்றுகூடத் தவறியதில்லை.

காரைக்குடி ஆர்டர் திரும்பிய பிறகு அந்தப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். அதன் கொள்ளளவு 1 ஜிபி. உள்ளே 9,000-க்கு மேல் மெயில். இரண்டு ராத்திரி உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். கடைக்கு உண்மையிலேயே வந்தது அதில் நூறுகூடத் தேறவில்லை. மற்றதெல்லாம் உங்களுடையவை. அவை யாருக்கு வந்திருந்தன என்பதைக் கேளுங்கள். எச்.ஆர். என்ற முகவரிக்கு ஊழியர்களை உற்சாகப்படுத்தும் சாஃப்ட்வேர் வாங்கச் சொல்லி. சி.இ.ஓ. என்ற முகவரிக்கு பெங்களூரில் அடுக்குமாடி வீடு வாங்கச் சொல்லி. பர்ச்சேஸ், அட்மின், கேரியர்ஸ், மார்க்கெட்டிங் என்று வரிசையாக. இந்தக் கடையில் முதலாளி, அவருடைய இரண்டு மகன்கள், ஏழு வேலையாட்கள். எச்.ஆர். என்று ஒருவர் இருந்ததே இல்லை. அப்படி ஒரு முகவரியை நான் உருவாக்கியதும் இல்லை, கடை யாருக்கும் கொடுத்ததும் இல்லை. டொமைன் பெயர் தெரிந்ததும், அதற்கு முன்னால் என்னென்ன வார்த்தை இருக்கலாம் என்று ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் அனுப்பியிருக்கிறீர்கள். வாடிக்கையாளருக்காகத் திறந்து வைத்திருந்த கதவு என்பதால் எங்கள் சர்வர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. அது வாங்கிக்கொண்டதை வைத்து "இந்த முகவரி வேலை செய்கிறது" என்று குறித்துக்கொண்டு மேலும் மேலும் அனுப்பியிருக்கிறீர்கள்.

இப்போது கேட்ச்-ஆலை அணைத்துவிட்டேன். வேறு வழி இல்லை. இன்று அந்தச் சின்னாளப்பட்டிப் பெரியவர் எழுதினால் அவர் மெயில் திரும்பிப் போகிறது. அவருக்குப் போன் செய்து சொல்லிவிட்டோம். போன் நம்பர் தெரியாத மற்றவர்களுக்கு யார் சொல்வது?

சரி, ஊகித்து எழுதிய முகவரிகளை விடுங்கள். நிஜமாகவே ஒரு காலத்தில் இருந்து, இப்போது மூடிய முகவரிகளுக்கு வருகிறேன். எனக்கு அதிகம் மனம் கசந்தது அங்கேதான்.

அந்தக் கடையில் 38 வருடம் ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். 2017-ல் கண் மங்கி வேலையை விட்டார். 2021-ல் காலமானார். அவர் பெயரில் கடை டொமைனில் ஒரு முகவரி இருந்தது. அவர் போன பிறகு, அவருக்கே என்று எழுதுகிறவர்களுக்கு விஷயம் தெரியட்டும் என்று, அந்த ஒரு முகவரியை மட்டும் கேட்ச்-ஆலிலிருந்து விலக்கி மூடினேன். அதற்கு வரும் மெயிலை என் சர்வர் வாசலிலேயே நிறுத்தி 550 5.1.1 என்று பதில் சொல்லும். கூடவே ஒரு வரி: இவர் இப்போது இங்கே இல்லை, கடைக்கு எழுதவும்.

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது உங்கள் தொழில்நுட்ப ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மெயில் சர்வர் இன்னொரு சர்வரிடம் கடிதம் கொடுப்பது, தபால்காரர் வாசலில் நின்று பேசுவது மாதிரிதான். யார் அனுப்பியது என்று முதலில் சொல்லும். அப்புறம் யாருக்கு என்று சொல்லும். வாங்குகிற சர்வர் மூன்று இலக்க எண்ணால் பதில் சொல்லும். 2-ல் தொடங்கினால் சரி, கொடு. 4-ல் தொடங்கினால் இப்போது முடியாது, பிறகு வா. 5-ல் தொடங்கினால் முடியாது, இதே கடிதத்தோடு திரும்ப வராதே. இந்த முறையை அமெரிக்கக் கணினி விஞ்ஞானி ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 821 என்ற ஆவணத்தில் எழுதி வைத்தார். பெட்டி கிடைக்கவில்லை என்பதற்கு 550 என்ற எண் அப்போதே அதில் இருக்கிறது. 5.1.1 என்ற துணை எண் அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்று இன்னும் தெளிவாகச் சொல்வதற்காகப் பின்னால் வந்தது. நாற்பது வருடத்துக்கு மேலாக உலகம் முழுக்க எல்லா மெயில் சர்வரும் பேசுகிற மொழி இது. 550 5.1.1 என்று வந்தால் அதில் இரண்டு அர்த்தத்துக்கு இடமே இல்லை.

என்னிடம் இரண்டு வருட லாக், அதாவது எந்த மெயில் எப்போது வந்தது என்று சர்வர் தானே எழுதி வைக்கும் பதிவு, இருக்கிறது. கணக்குப்பிள்ளையின் மூடிய முகவரிக்கு அந்த இரண்டு வருடத்தில் ஆறு நிறுவனங்களிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. அதில் ஒரு நிறுவனம் மட்டும் 214 தடவை. செவ்வாயும் வெள்ளியும் காலை 6.10-க்கு, நடுவில் பண்டிகை வந்தால் கூடுதலாக. ஒவ்வொரு தடவையும் என் சர்வர் அதே பதிலைச் சொல்லியிருக்கிறது. 550, ஆள் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி. 550, ஆள் இல்லை. 214 தடவை ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, 214 தடவையும் அவர் இல்லை என்று கேட்டுவிட்டு, அடுத்த வாரம் திரும்ப வருகிற ஒரு விற்பனையாளரை எந்தத் தெருவில் விடுவார்கள்?

இந்த இடத்தில் அந்தக் கணக்குப்பிள்ளையின் முகவரிப் பேரேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடையில் இன்றும் இருக்கிறது. சிவப்புத் துணி ஒட்டிய நீள நோட்டு, ஓரமெல்லாம் எலி கடித்தது. மெயில் வருவதற்கு முந்தைய காலத்தில் கடையிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவை, சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாலும் தீபாவளிக்கு முன்னாலும், வெளியூர் வியாபாரிகளுக்கு விலைப்பட்டியல் தபாலில் போகும். அதுவும் விளம்பரம்தான். ஆனால் அந்த நோட்டில் உள்ள எந்தப் பெயரும் கடைக்கு ஒரு தடவையாவது வந்து சரக்கு எடுத்தவருடைய பெயர். விலைப்பட்டியல் திரும்பி வந்தால், தபால்காரர் உறை மேல் என்ன எழுதியிருக்கிறார் என்று கணக்குப்பிள்ளை படிப்பார். அன்றைக்கே நோட்டை எடுத்து அந்தப் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பார். பக்கத்தில் காரணமும் தேதியும். "கடை மூடியாச்சு. 12.3.98." "வீடு மாறி பரமக்குடி போய்விட்டார், விலாசம் கேட்கவும்." "காலமானார். மகன் வேறு தொழில். இனி அனுப்ப வேண்டாம்." ஒரு இடத்தில், அடித்த பெயருக்குக் கீழே பென்சிலால் ஒரு வரி: "துக்கம் விசாரித்துக் கார்டு போட்டேன்."

ஒரு தபால்தலையை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் அவர் அதைச் செய்யவில்லை. திரும்பி வந்த கடிதமும் ஒரு பதில் என்று அவர் நினைத்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் நமக்குச் சொல்லி அனுப்பிய செய்தி, அதைப் படித்து அதற்கேற்றபடி நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தார். உங்களிடம் நோட்டும் சிவப்பு மையும் தேவையில்லை. 550 5.1.1 வந்தால் அந்த வரியை அழி என்று கம்ப்யூட்டருக்கு ஒரு தடவை சொன்னால் போதும், காலத்துக்கும் அதுவே பார்த்துக்கொள்ளும். மெயில் அனுப்பும் சாஃப்ட்வேர்களில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. அதை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், அல்லது ஒரு ஏஜென்சியில் அடிபட்ட பெயரை அடுத்த ஏஜென்சிக்குக் கொடுக்கும் பழைய பட்டியலில் திரும்பச் சேர்த்துவிடுகிறீர்கள். 38 வருடம் பிறர் பெயர்களை அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்ட மனிதரின் பெயர், இன்று உங்களிடம் அழிக்கப்படாமல் கிடக்கிறது. என்னால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அவருக்குக் கடை முகவரி போக, சொந்தமாக ஒரு இலவச முகவரியும் இருந்தது. அது அவர் போனில் திறந்தபடியே இருக்கிறது. அந்தப் போன் இப்போது அவர் வீட்டம்மா கையில். அனுப்பானடியில் மகனோடு இருக்கிறார். போன வருடம் ஒருநாள் அந்தப் போனில் ஏதோ சத்தம் வந்திருக்கிறது. அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. பேரனைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். எட்டாம் வகுப்புப் பையன். கணக்குப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, பிறந்தநாள் வாழ்த்து, இந்த நன்னாளில் உங்களுக்கென்றே ஒரு தனிநபர் கடன் என்று அவன் சத்தமாகப் படித்திருக்கிறான். தாத்தா இறந்து நான்கு வருடம் கழித்து.

கடைக்கு வந்தபோது அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "இவங்களுக்குத் தெரியாதா தம்பி? யாராச்சும் சொல்லணுமா?" சொல்லிப் பார்ப்போம் என்று, அவர் சொல்லச் சொல்ல நானே தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு பதில் எழுதி அனுப்பினேன். என் கணவர் 2021-ல் காலமாகிவிட்டார், இனி அவர் பெயரில் எழுத வேண்டாம் என்று இரண்டே வரி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, திரும்பி வந்துவிட்டது. நோ-ரிப்ளை என்ற முகவரியிலிருந்து அனுப்பியிருக்கிறீர்கள். அதற்கு வரும் கடிதத்தை யாரும் வாங்குவதில்லை. மெயிலின் அடியில் இருந்த வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிட்டேன். இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு பேசிய பெண், பதிவு செய்த மொபைலுக்கு ஓ.டி.பி. வரும், அதைச் சொல்லுங்கள் என்றார். அந்த நம்பர் எப்போதோ வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அப்படியென்றால் இறப்புச் சான்றிதழோடு கிளைக்கு வரச் சொன்னார். ஒரு விளம்பரத்தை நிறுத்துவதற்கு இறப்புச் சான்றிதழ். அந்த அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், போனில் அந்த அனுப்புநரைத் தடுத்து வைத்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் வேறு முகவரியிலிருந்து வந்தது.

நீங்கள் எப்போதும் ஒரு பதில் வைத்திருக்கிறீர்கள்: "வேண்டாம் என்றால் அடியில் இருக்கும் அன்சப்ஸ்கிரைப் பட்டனை அழுத்துங்கள்." இருக்கிற ஆளுக்கு அது ஒரு வழி, ஒப்புக்கொள்கிறேன். இல்லாத ஆளுக்கு யார் அழுத்துவது? மூடிய முகவரிக்கு வந்த மெயில் என் சர்வர் வாசலோடு நின்றுவிடுகிறது. அதில் பட்டன் இருப்பதை யாரும் பார்க்கப்போவதில்லை. கைவிட்ட முகவரியைத் திறந்து பார்க்க ஆளில்லை. பாஸ்வேர்டை மறந்தவர், வேலை மாறியவர், இறந்துபோனவர், நீங்களாக ஊகித்த எச்.ஆர். இவர்களில் ஒருவரும் அந்தப் பட்டன்வரை வரமுடியாது. இவர்கள் விஷயத்தில் நிறுத்தக்கூடியவர் ஒரே ஒருவர்தான், அது அனுப்புகிற நீங்கள்.

இப்படிப்பட்ட முகவரிகள் எங்கள் ஊரில் எத்தனை இருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் புதூர், சிம்மக்கல், பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கமெல்லாம் பிரவுசிங் சென்டர்கள் நிறைய. விண்ணப்பம் போட வருகிற பிள்ளைகளுக்கு அங்கே உட்கார்ந்திருப்பவரே ஒரு மெயில் ஐடி உருவாக்கிக் கொடுப்பார். பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். தேர்வு முடிந்தால் சீட்டும் போய்விடும், ஐடியும் போய்விடும். அடுத்த விண்ணப்பத்துக்குப் புது ஐடி. நானே அப்படி ஒரு சென்டரில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். என் கையால் மட்டும் எத்தனை நூறு ஐடி உருவாக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றை அந்தப் பிள்ளைகள் திரும்பித் திறந்திருக்கமாட்டார்கள். இரண்டு வருடம் யாரும் பயன்படுத்தாத கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்க ஆரம்பித்துவிட்டது. 2013-ல் யாஹூ, ஒரு வருடத்துக்கு மேல் திறக்காத முகவரிகளை எடுத்து, கேட்டவர்களுக்குக் கொடுத்தது. அப்படி வாங்கியவர்கள் சிலருக்கு முந்தைய ஆளின் சொந்த விவரங்களோடு மெயில் வந்து சேர்ந்து அப்போது பெரிய பேச்சானது. ஆக, உங்கள் பட்டியலில் பல வருடமாக யாரும் திறக்காத ஒரு பெயருக்குப் பின்னால் ஒன்று ஆளே இருக்காது, இல்லை வேறு ஆள் இருப்பார்.

பட்டியல் எங்கிருந்து வருகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். போன ஆடியில் கடைக்கு ஒருவர் போன் செய்தார். மதுரை வியாபாரிகள் 50,000 பேரின் மெயில் ஐடி, மூவாயிரம் ரூபாய், எல்லாம் சரிபார்த்தது என்றார். மாதிரிக்கு ஒரு எக்செல் தாள் அனுப்பினார். அதில் எங்கள் கடையே இருந்தது. ஆறு முகவரி. ஒன்று நிஜம். ஒன்று கணக்குப்பிள்ளையினுடையது. மற்ற நான்கும் பிறக்கவே இல்லாதவை. உங்களில் பலர் காசு கொடுத்து வாங்குவது இதைத்தான். இத்தனை லட்சம் பேருக்கு அனுப்பினோம் என்று மேலிடத்துக்குக் காட்ட அந்த எண் உதவலாம். அதில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று மேலிடம் கேட்பதில்லை போலிருக்கிறது.

கேட்க ஆரம்பிப்பது உங்களுக்கே நல்லது. மூடிய பழைய முகவரிகள் சிலவற்றைச் சில மாதம் 550 சொல்ல விட்டு, அப்புறம் பொறியாக மறுபடி திறந்து வைக்கும் வழக்கம் மெயில் உலகில் இருக்கிறது. அவ்வளவு காலம் ஆள் இல்லை என்று சொன்ன பிறகும் எழுதுகிறவர் பட்டியலைப் பார்க்காதவர் என்று அர்த்தம். அவருடைய சர்வர் தடைப்பட்டியலுக்குப் போகும். அதன்பிறகு நீங்கள் அனுப்பும் ரசீதும், டிக்கெட்டும், மருத்துவப் பரிசோதனை முடிவும்கூட ஸ்பேமில் விழும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு விதிகளை இறுக்கிவிட்டன. ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்பினால் ஒரே அழுத்தில் விலகும் வசதி வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அவர்கள் பெரியவர்கள், சொன்னதும் கேட்டுக்கொண்டீர்கள். விளக்குத்தூண் கடையின் சர்வர் சொல்லும் 550-ம் அதே மரியாதைக்குரிய பதில்தான்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. போனுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் டிராய் அமைப்பின் 2018-ம் ஆண்டு ஒழுங்குமுறை இருக்கிறது, விளம்பரம் வேண்டாம் என்று சொல்ல 1909 என்ற எண் இருக்கிறது. மெயிலுக்கு அந்த மாதிரி ஒரு எண் கிடையாது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. வாங்கிய நோக்கம் முடிந்தால் விவரத்தை அழிக்க வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகியிருக்கின்றன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம். அந்த அவகாசம் முடிகிற நாளுக்காகக் காத்திருக்காதீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது இவை.

அப்படி ஒரு ஆள் இல்லை என்று ஒரு சர்வர் சொன்னால், அந்த முதல் தடவையிலேயே அந்த முகவரியை எடுத்துவிடுங்கள். உங்கள் பட்டியலிலிருந்து மட்டும் போதாது. உங்களுக்காக அனுப்பும் ஏஜென்சி, அதற்கு முந்தைய ஏஜென்சி, அடுத்த வருடம் மாற்றப்போகும் ஏஜென்சி எல்லோரிடமும் அது அடிபட்ட பெயராகவே இருக்க வேண்டும். பழைய எக்செல் தாளிலிருந்து அது உயிர்த்து வரக்கூடாது. பெட்டி நிரம்பிவிட்டது என்று திரும்பத் திரும்ப வந்தாலும் நிறுத்துங்கள். அந்தப் பெட்டியில் இடம் இல்லாமல் போனதற்கு உங்கள் மெயிலும் ஒரு காரணம்.

விலைக்கு வாங்கிய பட்டியலுக்கு அனுப்பாதீர்கள். டொமைன் பெயரைப் பார்த்து முகவரியை ஊகிக்காதீர்கள். தானே முன்வந்து கொடுத்தவருக்கு மட்டும் எழுதுங்கள். அதையும், முகவரி சரிதானா என்று ஒரு தடவை அவரிடமே உறுதி செய்துகொண்டு எழுதுங்கள். ஒரு எழுத்து மாறிப் பதிவானால் அது இன்னொருவர் வீட்டுக்குப் போய்ச் சேரும், எங்கள் ஊர்ப் பெயர்களில் அது சுலபமாக நடக்கும்.

ஒரு வருடமாகத் திறக்கவே இல்லை என்றால், தொடரலாமா என்று ஒரே ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

நோ-ரிப்ளை முகவரியிலிருந்து ஒருவருக்கு அவர் பெயர் சொல்லி எழுதாதீர்கள். பதில் எழுதினால் ஒரு மனிதர் படிக்கும் முகவரியிலிருந்து எழுதுங்கள், தமிழில் பதில் வந்தாலும் படிக்க ஆள் வைத்திருங்கள். இறந்தவர் பெயரில் வரும் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி ஒரு குடும்பம் கேட்டால் ஓ.டி.பி.யும் சான்றிதழும் கேட்காமல் அன்றைக்கே நிறுத்துங்கள். கணக்கை மூடவும் பணம் எடுக்கவும் சான்றிதழ் கேளுங்கள், நியாயம். விளம்பரத்தை நிறுத்த அது எதற்கு?

கடைசியாக, கணக்குப்பிள்ளையின் பெயரை எடுத்துவிடுங்கள். அவருடைய கடை முகவரிக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் ஆறு நிறுவனங்களுக்கும், பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிய நிறுவனத்துக்கும் இந்த மடலின் பிரதியை, உரிய முகவரியும் லாக்கும் இணைத்து, ஸ்பீடு போஸ்டில் அனுப்பியிருக்கிறேன். முதலாளியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எடுத்ததும், எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். கடை விலாசத்துக்குத் தபாலில் போட்டாலே போதும். அந்தப் பேரேட்டில் இன்னும் சில பக்கங்கள் எழுதாமல் இருக்கின்றன, அதில் குறித்து வைத்து அந்த அம்மாவிடம் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மதுரை விளக்குத்தூண் பகுதியில் ஏழு சிறு கடைகளின் மெயிலைப் பார்த்துக்கொள்பவன்